சூளை மேஸ்திரி வீட்டு யூவி விளக்கு

ஓய்வு பெற்றவர்களுக்கு என்று ஒரு தோற்றம் இருக்கிறது. மூக்குக் கண்ணாடி, மப்ளர், கையில் மாத்திரை டப்பா. எனக்கு இதில் ஒன்றும் கிடையாது. கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் கலர் மீன் தொழிலைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்ற ஆள்தான். இப்போது விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் செய்கிறேன். வருகிற போனில் பாதி தண்ணீரில் விழுந்த போன். தண்ணீர் என்னை விடுவதாக இல்லை.

போன வாரம் நான் முன்பு வேலை பார்த்த மீன் கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எனக்குப் பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள். கையில் புது மாதிரிப் பெட்டி ஒன்று இருந்தது. தண்ணீரை வடிகட்டும் பில்டர், மோட்டார், கிருமி கொல்லும் யூவி விளக்கு மூன்றும் ஒரே பெட்டிக்குள். மூடியைத் திறந்தால் விளக்கு தானாக அணைந்துவிடுமாம். அதைக் காட்டிவிட்டு, "அண்ணே, ஒங்க காலத்துல இதெல்லாம் தனித்தனியா மாட்டுவீங்களாமே, நம்ம கடை அக்கா சொன்னாங்க. எப்பிடின்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றார்கள்.

ஒங்க காலத்துல. அவர்களில் பெரியவனுக்கும் எனக்கும் வயது வித்தியாசம் ஒரு தீபாவளி, ஒரு பொங்கல் இருக்கும். அணைக்கட்டு கட்டிய ஆளிடம் கேட்பது மாதிரிக் கேட்டார்கள். சரி, எழுதுகிறேன். பத்தாவதில் நான் பாஸ் பண்ணிய ஒரே பாடம் தமிழ். அது வீணாகப் போகக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்த இந்தச் சாமான் மட்டும் அன்றைக்கு இருந்திருந்தால், சவரிமுத்து மேஸ்திரி வீட்டில் நடந்தது நடந்திருக்காது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் படிப்பை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி ஐ.டி.ஐ.க்கு வெல்டிங் படிக்கப் போனேன். வாத்தியார் நடக்கிற மாதிரி அவர் பின்னாலேயே நடந்து காட்டினேன். அவர் திரும்பினார். படிப்பு முடிந்தது. வெளியே வந்தபோது, பிளக்குக்கு ஒயர் மாட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஸ்டெல்லா அக்கா தேடிக்கொண்டிருந்தார். கலர் மீன் கடை அவருடையது. வீட்டு முன் அறையையே கடையாக்கி இருந்தார். முதல் ஒரு மாதம் தொட்டி கழுவினேன், அடுத்த மாதம் செத்த மீனைப் புதைத்தேன், அதற்கடுத்த மாதம் சாகாமல் வைத்திருக்கக் கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான் பயிற்சி.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சாதாரணமாக என்னை "டேய் தனவேலு" என்பார். கொஞ்சம் கோபம் வந்தால் "தனவேல்" ஆகிவிடுவேன். நல்ல கோபம் என்றால் "வாங்க தனவேல், ஒக்காருங்க." உச்சக் கோபத்தில் "தனவேல் சார், காப்பி சாப்டீங்களா?" என்பார். அந்தக் காப்பியைக் குடிக்கிற தைரியம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. வாடிக்கையாளர்களுக்கும் இதே கணக்குத்தான். வாங்கிப் போன மீனைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டு மறுபடி மீன் கேட்டு வருகிறவரை, கல்யாண வீட்டில் வரவேற்பது மாதிரி வரவேற்பார். வந்தவர் குளிர்ந்துபோய் உட்காருவார். கடைசிவரை மீன் கிடைக்காது.

இனி யூவி. புற ஊதா ஒளி என்று பாடப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி, ஆனால் தண்ணீரில் மிதக்கிற பாசியையும் கிருமியையும் கொல்லும். அன்றைக்கு எங்களிடம் வந்த சாமான் முழங்கை நீளத்தில் ஒரு கறுப்புக் குழாய். அதற்குள் ஒரு குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய். அதற்குள்ளே ஈரம் படாமல் விளக்கு. மோட்டார் தொட்டித் தண்ணீரை இழுத்து, கறுப்புக் குழாய்க்கும் கண்ணாடிக் குழாய்க்கும் நடுவே மெதுவாக ஓட்டும். ஓடுகிற தண்ணீரில் இருக்கிற பச்சைப் பாசி விளக்கைத் தாண்டும்போது செத்துப்போகும். வேகமாக ஓட்டினால் பாசி குளித்துவிட்டுப் போகும், சாகாது. ஜன்னல் ஓரத்தில் தொட்டி வைத்து, வெயில் பட்டு, தண்ணீர் கீரைக் குழம்பு மாதிரி ஆகிப்போன வீடுகளுக்கு இது வரப்பிரசாதம். மீன் போடுகிற கழிவை இது அள்ளாது. அதற்கு பில்டர்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, "லைட்டு போட்டுட்டோம், இனிமே தொட்டி கழுவ வேணாம்ல" என்று கேட்டவர்கள் ஏராளம்.

மாட்டுவதற்கு ஒரு முறை உண்டு. விளக்கைக் கையால் தொடக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் கறுத்துப்போகும். துணியால் பிடித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து இறக்க வேண்டும். ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, முதலில் மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, குழாய்க்கு அடியில் பழைய பேப்பரை விரிக்க வேண்டும். பேப்பரில் சொட்டு விழவில்லை என்றால்தான் விளக்குக்கு பிளக். அணைக்கும்போது நேர்மாறு: முதலில் விளக்கு, பிறகு மோட்டார். தொட்டியில் மருந்து போட்டால் விளக்கை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் சில மருந்துகளை இந்த ஒளியே தின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: விளக்கு எரியும்போது வெளியே எடுக்கக் கூடாது, பார்க்கக் கூடாது. எரிகிறதா என்று தெரிய வேண்டுமா, தண்ணீர் நுழைகிற பால்வெள்ளை பிளாஸ்டிக் மூக்கைப் பார். அது லேசாக நீலமாகத் தெரியும். போதும்.

நம் ஊர் போர் தண்ணீருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். குவார்ட்ஸ் குழாய் மேல் வெள்ளை உப்பு படியும். எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டுத் தேய்ப்பேன். அந்த நாட்களில் என் கையை முகர்ந்து பார்த்தவர்கள் நான் ஊறுகாய்க் கடையில் வேலை செய்வதாகத்தான் நினைத்தார்கள்.

இந்தச் சாமானை விற்பதில் ஒரு கஷ்டம் இருந்தது. காசு கொடுத்து வாங்குகிற விளக்கு, வெளிச்சமே தராது. ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது கரண்டு பில்ல மட்டும் காட்டும் போலருக்குது" என்றார். இன்னொரு கஷ்டம், ஒரு வருடம் போல எரிந்த பிறகு விளக்கு நீலமாகவே எரியும், ஆனால் கொல்லுகிற சக்தி போயிருக்கும். வேலைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்ததில்லையா, அந்த மாதிரி. எரிகிற விளக்கை மாற்றச் சொன்னால் யார் ஒத்துக்கொள்வார்? கடைத்தெருவில் ஒரு டெய்லர் இருந்தார், ஒத்துக்கொள்ளவே இல்லை. நன்றாக எரிகிற பல்பை மாற்றச் சொல்லி ஏமாற்றுகிறோம் என்று கடையில் வந்து நின்றார். அக்கா அவரை உட்காரவைத்து, ஊசி மொன மழுங்கிட்டா மிஷின் ஓடாதுங்களா என்று கேட்டார். ஓடும் என்றார். "தைக்குமாங்க?" என்றார் அக்கா. டெய்லர் புது விளக்கை வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது சவரிமுத்து மேஸ்திரி. செராமிக் எஸ்டேட்டில் சூளை மேஸ்திரி அவர். பியூஸ் கட்டை, பொம்மை, ஜாடி எது வெந்தாலும் அவர் பார்த்துச் சொன்னால்தான் தீயைக் குறைப்பார்கள். சூளைச் சுவரில் ஒரு செங்கல்லைப் பெயர்த்தால் உள்ளே பார்க்க ஓட்டை இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற நீலக் கண்ணாடித் துண்டைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, அந்த ஓட்டை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்ப்பார். சூடு காட்டுகிற மீட்டர் பக்கத்திலேயே மாட்டியிருக்கும். அதை அவர் காலண்டர் மாதிரிதான் மதித்தார். அவர்களிடம் ஒரு வழக்கம்: ஒற்றை ஆள் பார்த்து முடிவு எடுக்க மாட்டார்கள். மேஸ்திரி பார்த்துவிட்டு நகர்ந்து, பக்கத்தில் இருப்பவரை, "நீயும் பாரு" என்பார். இரண்டு பேருக்கும் ஒரே நிறம் தெரிந்தால்தான் தீர்ப்பு.

அவர் மகள் ரோஸ்லினுக்கு மங்களூரில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். நம் திட்டக்குடிப் பக்கத்து மங்களூர்தான். விவசாயக் குடும்பம், பையன் லூர்துராஜ் துபாயில் வேலை, லீவில் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டில் நிச்சயதார்த்தம். அதற்கப்புறம் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை படிக்க வேண்டும், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று பூசையில் அறிவிக்க வேண்டும். அது முடிந்து திருநீற்றுப் புதனுக்கு முன்னால் கல்யாணம். புதன் வந்துவிட்டால் தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது. அதற்குள் பையன் லீவு முடிந்து துபாய் போய்விடுவான். போனவன் எப்போது வருவான், வரும்போது மனசு எப்படி இருக்கும், யார் கண்டது? ஆக எல்லாம் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் உட்காரப்போகிற ஹாலில் ரோஸ்லின் வளர்க்கிற தங்கமீன் தொட்டி இருந்தது. மேற்கு ஜன்னலை ஒட்டி வைத்திருந்ததால் தண்ணீர் பச்சை. மீன் இருக்கிறது என்று ரோஸ்லின் சொன்னால்தான் தெரியும். அதனால்தான் மேஸ்திரி யூவி வாங்கினார். நான்தான் போய் மாட்டினேன். பேப்பர் விரித்து, சொட்டு பார்த்து, எல்லாம் முறைப்படி. பார்க்கக் கூடாது என்பதை இரண்டு முறை சொன்னேன்.

"நெருப்ப பாக்காம எப்பிடி தம்பி வேல செய்யறது?" என்றார் மேஸ்திரி. சும்மா கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டது. மேஸ்திரி கடைக்கே வந்து அக்காவிடம் சொல்லி, எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். நிச்சயத்துக்கு முந்தின வியாழக்கிழமை காலை நான் கடைக்குள் நுழைந்தபோது அக்கா எழுந்து நின்றார்.

"வாங்க தனவேல் சார். காப்பி சாப்டீங்களா?"

விஷயத்தை அவர் மெதுவாகச் சொன்னார். மேஸ்திரி வீட்டில் ரோஸ்லினுக்கும் அம்மாவுக்கும் கண் சிவந்து வீங்கி, மெட்ராஸ் ஐ. மேஸ்திரி தொட்டியைக் காட்டுவதற்காகக் கூப்பிட்ட அக்கம்பக்கத்து வீடுகளிலும் கண் நோவு. தெருவில் ஒரே பேச்சு: மீன் தண்ணீரில் இருந்துதான் பரவுகிறது, ஸ்டெல்லா கடை மீன்தான். அது போதாதென்று, சேதி மங்களூருக்கும் போய்விட்டது. சம்பந்தியம்மா போனில், கண்ணு நோவு இருக்கிற வீட்டில் நாங்கள் கால் வைக்க மாட்டோம், ஈஸ்டர் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். மேஸ்திரி கெஞ்சி, கடைசியில் ஒரு ஏற்பாடு ஆகியிருந்தது. சனிக்கிழமை மாலை மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து கண்களைப் பார்ப்பார். வெள்ளையாக இருந்தால் ஞாயிறு வருவார்கள். இல்லையென்றால் இல்லை.

"போயி பாத்துட்டு வர்றீங்களா சார்?" என்றார் அக்கா. சைக்கிளில் பறந்தேன்.

மேஸ்திரி வீட்டில் ஜன்னல் எல்லாம் சாத்தி இருந்தது. ரோஸ்லின் ஈரத் துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக என்னைப் பார்த்ததும் வம்பு இழுக்கிற பெண். அன்றைக்கும் விடவில்லை.

"வாங்க அண்ணா. மீனுக்கு வைத்தியம் பாத்து முடிச்சிட்டீங்க, இப்ப எங்களுக்கா?"

தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் பளிங்கு. மீன்கள் கொழுத்துப்போய் இருந்தன. கண் நோவு வந்தவர்களில் யார் தொட்டிக்குள் கை விட்டார்கள் என்று கேட்டேன். ரோஸ்லின் மட்டும்தான். அம்மா தொட்டித் தண்ணீரைத் தொடவே மாட்டார்கள், கவிச்சி அடிக்கும் என்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போனவர்கள். மேஸ்திரியோ தினமும் மோட்டாரைத் துடைக்கிறவர், அவர் கண் பால் மாதிரி இருந்தது. ஒட்டுகிற நோய் அவரை மட்டும் ஏன் ஒதுக்கியது?

எப்படி வலிக்கிறது என்று ரோஸ்லினைக் கேட்டேன். காலையில் ஒன்றும் இருக்காதாம். மத்தியானத்துக்கு மேல் கண்ணுக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும், தண்ணீர் கொட்டும், வெளிச்சம் பார்க்க முடியாது என்றாள். பீளை கட்டுகிறதா என்றால் இல்லை என்றாள். எனக்குள் ஏதோ சுருக்கென்றது. ஐ.டி.ஐ.யில் முகக்கண்ணாடி போடாமல் வெல்டிங்கைப் பார்த்தவன் எல்லாம், வீட்டுக்குப் போன பிறகு இதே பாட்டைத்தான் பாடுவான்.

"மேஸ்திரி, வெளக்க யாராவது வெளிய எடுத்தாங்களா?"

"எவனும் தொடல. நான் இருக்கையில யார் தொடுவா? வா, காட்டறேன்."

பெருமையாக என்னைத் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார். கறுப்புக் குழாயின் ஒரு முனையில் தண்ணீர் படாத மூடி ஒன்று உண்டு, ஒயர் வருகிற மூடிக்கு எதிர்ப்பக்கம். அந்த மூடியின் நடுவில் கச்சிதமாக ஒரு ஓட்டை. டிரில் போட்டு, பிசிறு தட்டி, அரம் வைத்துத் தேய்த்திருந்தார். அவ்வளவு சுத்தமான ஓட்டையை நான் கம்பெனிச் சாமானில்கூடப் பார்த்ததில்லை. அதன் மேல் மூடுவதற்குக் களிமண்ணில் செய்து சுட்ட ஒரு குட்டி அடைப்பான் வேறு.

"காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் பாப்பேன். எரியற நெருப்ப பாக்காம வுட்டா அது நம்மள பாத்துக்கும் தம்பி" என்று சொல்லி, பையிலிருந்து நீலக் கண்ணாடியை எடுத்தார். நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டினார், ஆமாம் என்றல்ல, சின்னப் பையன் உளறுகிறான் என்று. முப்பது வருடமாகச் சூளையைப் பார்த்த கண்ணுக்கு இந்தப் பென்சில் விளக்கா, என்றார். தானும்தான் தினம் பார்க்கிறேன், தனக்கு ஏன் வரவில்லை என்றார்.

"நீங்க கண்ணாடி வெச்சி பாக்கறீங்க. கண்ணாடி இந்த வெளிச்சத்த தடுத்துடும். மத்தவங்க எப்பிடி பாத்தாங்க?"

ரோஸ்லின்தான் துணிக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

"நீலக் கண்ணாடி வெச்சி பாத்தா எல்லாமே நீலமாத்தான தெரியுது, கலர் எப்பிடி சொல்றதுன்னு அப்பா கேட்டாரு. அதனால என்னயும் அம்மாவயும் வெறுங்கண்ணால பாக்க சொன்னாரு. தெனம் காலையில. நீயும் பாரு, நீயும் பாருன்னு."

மேஸ்திரி கையிலிருந்த கண்ணாடித் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வந்தவர் போனவர் எல்லாரையும் அந்த மூடிக்கு முன்னால் நிறுத்தி, நீயும் பாரு என்றிருக்கிறார். இரண்டு கண் பார்த்தால்தான் தீர்ப்பு. அவர் தொழிலில் அதுதான் நேர்மை. கேலி செய்வதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாழ்க்கையில் அமைந்ததில்லை. வாய் திறக்கவில்லை நான். அவர் போய் மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"போவுமா தம்பி இது?"

வெல்டிங் பசங்களுக்கு இரண்டு நாளில் போய்விடும் என்று சொன்னேன். அதற்காக என் பேச்சை நம்பி உட்கார்ந்திருக்கவும் விடவில்லை. ஆட்டோ பிடித்து எல்லாரையும் கண் டாக்டரிடம் ஏற்றி அனுப்பினேன். டாக்டர் பார்த்துவிட்டு, இது மெட்ராஸ் ஐயே இல்லை, ஒட்டாது, இனிமேல் பார்க்காமல் இருந்தால் ஆறிவிடும் என்று சொட்டு மருந்து கொடுத்தார். ஊரில் நிஜமான மெட்ராஸ் ஐயும் சுற்றிக்கொண்டிருப்பதால் எல்லாரும் குழம்பிவிட்டார்கள் என்றாராம்.

கடைக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று பயந்துவிட்டேன். "டேய் தனவேலு, ஓட்டைக்கு மூடி வேற செஞ்சி சுட்டாராடா?" என்று கேட்டபோதுதான் உயிர் வந்தது. நான் மறுபடி டேய் ஆகிவிட்டேன்.

அன்று மாலையே புது மூடியோடு போனேன். ஓட்டை போட்ட மூடியைக் கழற்றியதும் மேஸ்திரி முகம், பல்லைப் பிடுங்கிய மாதிரி ஆகிவிட்டது. பாக்காம எப்பிடி தம்பி என்று மறுபடியும் ஆரம்பித்தார். தண்ணீர் நுழைகிற பிளாஸ்டிக் மூக்கு சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தது. குழாயையே திருப்பி மாட்டி, மூக்கு அவர் நாற்காலியைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். பிளக் போட்டதும் அது விடியற்கால வானம் மாதிரி நீலமானது. பிளாஸ்டிக்கைத் தாண்டி வருகிற இந்த வெளிச்சம் ஒன்றும் செய்யாது, நாள் முழுக்கப் பாருங்கள் என்றேன். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். யாரையோ கூப்பிட வாயெடுத்துவிட்டு, நிறுத்திக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

"நீயும் பாரு."

பார்த்தேன். நீலம்தான் என்றேன். தீர்ப்பு ஆயிற்று.

சனிக்கிழமை மாலை தாய்மாமன் வந்தார். மாடு வாங்கி விற்கிறவர் போலிருக்கிறது. ஒவ்வொருவரையும் வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, இமையைக் கீழே இழுத்து, மேலே தூக்கி, பல்லைப் பார்க்காத குறையாகச் சோதித்தார். ரோஸ்லின் அசையாமல் நின்றாள். அவளுடைய கண் வெள்ளையாகத்தான் இருந்தது, ஓரத்தில் மட்டும் ஒரு நூல் அளவு சிவப்பு. அவர் அதையே வெகுநேரம் பார்த்தார். மேஸ்திரி மூச்சு விடவில்லை. கடைசியில், "தூக்கம் கொறச்சலு. கல்யாணப் பொண்ணுன்னா அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார். அந்தத் தெருவே மூச்சு விட்டது.

ஞாயிறு பூசை முடிந்து பங்குச் சாமியார் வந்துவிட்டார். ஹாலில் தொட்டி மின்னியது. அக்கா பட்டுப்புடவையில் வந்திருந்தார், என்னையும் வெள்ளைச் சட்டை போட வைத்து. மங்களூரிலிருந்து வேன் வந்து நின்றது. முதலில் சம்பந்தியம்மா இறங்கினார், பிறகு தாய்மாமன், தாம்பாளங்கள், பெண்கள். எல்லாருக்கும் கடைசியில் மாப்பிள்ளை இறங்கினான். முகத்தில் பெரிய கறுப்புக் கண்ணாடி.

துபாய்க்காரன், ஸ்டைல் என்று நான் நினைத்தேன். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் கழற்றவில்லை. ஜெபம் சொல்லும்போதும் கழற்றவில்லை. சாமியார் ஒருமுறை பார்த்தார். சம்பந்தியம்மா அவசரமாக, வழியில் தூசி விழுந்துவிட்டது என்றார். தாய்மாமன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் ஒரு சொட்டு உருண்டு வந்தது. மாப்பிள்ளை கர்ச்சீப்பால் துடைத்தான். மறுபடி உருண்டது.

ரோஸ்லின் நேராக அவனிடமே பேசினாள். அதுவரை அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"கழட்டுங்க, பாக்கலாம்."

கழற்றினான். கண் இரண்டும் செம்பருத்தி. பீளை கட்டி, இமை ஒட்டி, அசல் மெட்ராஸ் ஐ. இதற்கு டாக்டரே தேவையில்லை. சம்பந்தியம்மாவின் முகம் வாடிப்போய்விட்டது. கண்ணு நோவு உள்ள வீட்டில் கால் வைக்க மாட்டோம் என்று சொன்ன அதே வாய் இப்போது புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி மகளைப் பார்த்தார். மற்ற எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேன் திரும்பிவிடும், ஈஸ்டர் வந்துவிடும்.

அவர் சொல்லவில்லை. ரோஸ்லின்தான் சொன்னாள்.

"இதுக்கெல்லாம் எங்க வூட்டுல யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம் அத்த. மோதரத்த போட சொல்லுங்க. ஆனா ஒண்ணு, நாளைக்கு என் கண்ணு செவந்துச்சின்னா, அது ஒங்க வூட்டுலேருந்து வந்த மொத சீரு."

முதலில் சிரித்தது சாமியார். அப்புறம் ஹாலே சிரித்தது. மாப்பிள்ளை சிரித்ததில் இன்னும் இரண்டு சொட்டு விழுந்தது. மோதிரம் மாற்றினார்கள்.

சீர் தாமதிக்காமல் வந்து சேர்ந்தது. அந்த வாரமே ரோஸ்லினுக்கு அசல் நோவு வந்தது, மேஸ்திரிக்கு வந்தது, பந்தியில் அவர்களுக்குப் பரிமாறிய எனக்கும் வந்தது. அடுத்த ஞாயிறு கோவிலில் முதல் ஓலை படித்தபோது பெண் வீட்டார் பெஞ்சு முழுக்கக் கறுப்புக் கண்ணாடி, ஓரத்தில் என்னுடையதும். நடுவில் மங்களூர் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். விடியற்காலை முதல் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கியிருந்தார். பூசை முடிந்ததும் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, ரோஸ்லினில் தொடங்கி, ஒவ்வொரு கண்ணிலும் அவரே மருந்து விட்டார். என் முறை வந்தபோது, "நீங்க யாரு தம்பி, பொண்ணுக்கு அண்ணனா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.